ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘வேரியன்ட்’ என்று ஒரு வரி இருந்தால்

வயிற்றுக்கு சிடி ஸ்கேன் எடுத்து ரிப்போர்ட் வாங்கியவர்கள் கவனித்திருக்கலாம். கல்லீரல், மண்ணீரல், கணையம், கிட்னி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் எங்காவது ‘வேரியன்ட்’, அதாவது வேறுபாடு, என்று ஒரு வார்த்தை போட்டு, அதோடு ஒரு ரத்தக்குழாயின் பெயரையும் எழுதியிருப்பார்கள். இடது கிட்னிக்கு இரண்டு தமனி, கல்லீரலின் வலது தமனி வேறு இடத்திலிருந்து கிளம்புகிறது, இடது கிட்னியின் சிரை பெருந்தமனிக்குப் பின்னால் போகிறது, இந்த மாதிரி. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல், விடிந்ததும் மறுபடி வந்து கவுன்டரில் நிற்பவர்கள் நிறையப் பேர்.

நான் ஈரோட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் 14 வருடமாக சிடி மெஷின் ஓட்டுகிறேன். ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட் டாக்டர். மருந்து ஏற்றிப் படம் எடுத்து, அந்தப் படங்களில் எலும்பையும் குடலையும் நீக்கி ரத்தக்குழாய் மட்டும் மரம் மாதிரி நிற்கும்படி கம்ப்யூட்டரில் உரித்துக் கொடுப்பது என் வேலை. ஆக ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு வயிற்றின் உள்ளே போய் வருகிறேன் என்று சொல்லலாம். ஒரு வயிறு மாதிரி இன்னொரு வயிறு இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

போன தை மாதம் கோபிப் பக்கமிருந்து ஓர் ஆத்தா வந்திருந்தார். வயது 58. மகனுக்கு இரண்டு கிட்னியும் போய், வாரம் மூன்று டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஆத்தா தன் கிட்னி ஒன்றைக் கொடுக்கிறார். கொடுப்பவருக்கு அறுவைக்கு முன்னால் சிடி ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாய்களுக்கான சிடி ஸ்கேன்) கட்டாயம், அதற்காக வந்தார். மறுநாள் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போன மருமகன் அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்.

“ஏனுங்க, எங்க அத்தைக்கு இடது பக்கம் ரெண்டு குழாய் இருக்குதுன்னு போட்டிருக்குதுங்களே, அது ஏதாச்சும் கோளாறுங்களா? அப்ப கிட்னி குடுக்க முடியாதுங்களா?”

பின்னாலேயே வந்த ஆத்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “எனக்கு ரெண்டு இருந்தா என்ன, மூணு இருந்தா என்ன கண்ணு. என்ற பையனுக்கு ஆகுமா ஆகாதா, அத மட்டும் கேட்டுச் சொல்லு.”

இந்தப் பயத்துக்கு நம் பக்கத்துப் பேச்சும் ஒரு காரணம். கையில் புடைத்துத் தெரிகிற ரத்தக்குழாயை நாம் ‘நரம்பு’ என்றுதான் சொல்கிறோம். ஊசி போடும்போதுகூட “நரம்பு கிடைக்கல” என்பதுதான் பேச்சு. அதனால் ‘ரத்தக்குழாயில் வித்தியாசம்’ என்று டாக்டர் சொன்னால் வீட்டுக்குப் போகும்போது அது ‘நரம்புக் கோளாறு’ ஆகிவிடுகிறது, சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பக்கவாதம் வரைக்கும் வந்துவிடுகிறது. நரம்பு வேறு, ரத்தக்குழாய் வேறு. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி, திருப்பிக் கொண்டுவருவது சிரை. இங்கே பேசப்போவது முழுக்க இவை இரண்டைப் பற்றித்தான்.

இன்னொரு கேள்வியும் தவறாமல் வரும். “ரெண்டு மாசத்துக்கு முன்னால அல்ட்ராசவுண்டுல எல்லாம் நார்மல்னுதானுங்களே போட்டாங்க?” போட்டது சரிதான். வயிற்றுக்குள் ஆழத்தில் முதுகெலும்பை ஒட்டி ஓடுகிற 3, 4 மில்லிமீட்டர் குழாயை, நடுவில் குடல்வாயு மறைக்கும்போது, அல்ட்ராசவுண்டில் தேடிப் பிடிப்பது கஷ்டம், அந்த ஸ்கேனை அதற்காக எடுப்பதும் இல்லை. சிடி ஆஞ்சியோகிராம் அதற்கென்றே எடுப்பது. முழங்கை மடிப்பில் பச்சை நிற வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போட்டு, அயோடின் கலந்த மருந்தை செகண்டுக்கு 4, 5 மில்லி வேகத்தில் பம்பு தள்ளும். ஸ்கிரீனில் பெருந்தமனியின் மேல் ஒரு சின்ன வட்டம் போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்போம். மருந்து கையிலிருந்து இதயத்துக்குப் போய், நுரையீரலைச் சுற்றி, மறுபடி இதயத்துக்கு வந்து பெருந்தமனியில் இறங்க இருபது செகண்டுக்குப் பக்கம் ஆகும். வட்டத்துக்குள் திடீரென்று வெளுக்கும். அந்த நொடியில் “மூச்ச நல்லா இழுங்க, அப்படியே புடிச்சுக்கோங்க” என்று சொல்லி ஓட்டிவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் தமனியும் சிரையும் ஒன்றாக வெளுத்துக் குழம்பிவிடும். முதல் ஓட்டத்தில் தமனிகள், 70 செகண்டு வாக்கில் அடுத்த ஓட்டத்தில் கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையும் மற்றச் சிரைகளும். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு படம் என்று வெட்டிக் கொடுக்கும். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகி, ஒன்றுக்குப் போய்விட்ட மாதிரி இருக்கும், அது எல்லாருக்கும் வருவது, பயப்பட வேண்டாம்.

சிடி ஸ்கேனைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் மெஷினில் முதல் நோயாளிக்கு 1971இல் எடுத்தது தலைக்கு மட்டும்தான். ஒரே சுற்றில் நான்கு வெட்டு எடுக்கிற மெஷின்கள் 1998 வாக்கில் வந்தன, அதற்கப்புறம்தான் ஒரு மூச்சு அடக்கும் நேரத்துக்குள் முழு வயிற்றின் ரத்தக்குழாய்களையும் இவ்வளவு துல்லியமாகப் பார்க்க முடிந்தது. நம் அப்புச்சி அமுச்சி காலத்திலும் இதே வேறுபாடுகள் இருந்தன. பார்க்கத்தான் வழியில்லை.

சரி, வேறுபாடு என்றால் எதிலிருந்து வேறுபாடு? பாடப்புத்தகப் படம் இப்படி இருக்கும். பெருந்தமனி உதரவிதானத்தைத் தாண்டி வயிற்றுக்குள் இறங்கி முதுகெலும்பின் முன்னால் நேராக வருகிறது. இறங்கியவுடன் முன்பக்கம் சீலியாக் தண்டு என்று ஒரு குட்டையான குழாய் கிளம்பி, இரைப்பைக்கு ஒன்று, மண்ணீரலுக்கு ஒன்று, கல்லீரலுக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரியும். 18ஆம் நூற்றாண்டில் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஹாலர் விவரித்த இந்த முக்காலிக்கு இன்றும் அவர் பெயர்தான். அதற்குச் சற்றுக் கீழே சிறுகுடலுக்கும் பெருங்குடலின் வலது பாதிக்கும் போகிற மேல் குடல் தமனி. பிறகு பக்கத்துக்கு ஒன்றாகக் கிட்னித் தமனிகள். இன்னும் கீழே பெருங்குடலின் மிச்சத்துக்குக் கீழ்க் குடல் தமனி. தொப்புள் மட்டத்துக்குப் பக்கத்தில், நான்காவது இடுப்பு முள்ளெலும்புக்கு முன்னால், பெருந்தமனி இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போய்விடும். மண்ணீரல் தமனி மட்டும் காலிங்கராயன் வாய்க்கால் மாதிரி வளைந்து நெளிந்து போகும், அதுவும் வயதாக ஆக நெளிவு கூடும். படத்தில் பார்த்துவிட்டு ‘குழாய் முறுக்கிக்கொண்டது’ என்று நினைப்பவர்கள் உண்டு. அது அதன் இயல்பு.

இந்தப் படம் பெரும்பான்மையைப் பார்த்து வரைந்தது. அந்தப் பெரும்பான்மை எவ்வளவு என்று கேட்டால்தான் ஆச்சரியம். அமெரிக்க உடற்கூறியல் நிபுணர் மிஷெல்ஸ் 200 உடல்களை அறுத்து ஆராய்ந்து, கல்லீரலுக்குப் போகும் தமனிகளை 10 வகையாகப் பிரித்து 1955இல் வெளியிட்டார். அதில் புத்தகப் படம் மாதிரி இருந்தவை 55 சதவீதம்தான். பிறகு 1994இல் ஹயாட்டும் அவருடன் இருந்தவர்களும், தானமாக வந்த 1000 கல்லீரல்களின் தமனிகளைப் பார்த்து எழுதியதில் சுமார் 76 சதவீதம் புத்தகப்படி இருந்தன. எந்தக் கணக்கை எடுத்தாலும் சுமார் நாலில் ஒருவருக்காவது கல்லீரலுக்குத் தமனி போகும் பாதை வேறு. கிட்னிக்கும் அப்படித்தான்: நூறில் 25, 30 பேருக்கு ஏதாவது ஒரு பக்கத்திலாவது ஒன்றுக்கு மேற்பட்ட தமனி உண்டு. ஒரு மினி பஸ்ஸில் நாற்பது பேர் போனால் அதில் பத்துப் பேர். இவ்வளவு பேருக்கு இருப்பதை நோய் என்று எப்படிச் சொல்வது?

ஏன் இப்படி அமைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். கருவில் கிட்னி முதலில் உருவாவது இடுப்புக்குழியில். ஆறாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள் அது மெல்ல மேலே ஏறி விலாவுக்குக் கீழே வந்து உட்காரும். ஏறும் வழியெல்லாம் பக்கத்தில் இருக்கிற தமனியிலிருந்து புதுக் கிளை வாங்கிக்கொள்ளும், கீழே இருந்த பழைய கிளை சுருங்கி மறைந்துவிடும். தோட்டத்தில் மேட்டுக்குப் போகப்போகப் புது மடை வெட்டிப் பழைய மடையை மண் போட்டு அடைத்துக்கொண்டே போவது மாதிரி. அடைக்காமல் விட்ட மடை ஒன்று இருந்தால் அதுதான் இரண்டாவது தமனி. சிலருக்கு இரண்டு கிட்னியும் கீழ்நுனியில் ஒட்டிக்கொண்டு லாடம் மாதிரி இருக்கும், ஐந்நூறு பேரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அது மேலே ஏறும்போது கீழ்க் குடல் தமனி குறுக்கே தடுத்துவிடும், பாதி வழியிலேயே நின்றுவிடும். நின்ற இடத்தில் கிடைத்த தமனிகளையெல்லாம் வைத்துக்கொள்ளும், அதனால் லாட வடிவக் கிட்னியில் மூன்று நான்கு தமனிகூடச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

கிட்னியைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது தமனி உபரி இல்லை என்பதுதான் முக்கியம். ‘கூடுதல் தமனி’ என்று ரிப்போர்ட்டில் இருப்பதால், இருப்பதில் ஒன்று அடைத்தால் என்ன, இன்னொன்று இருக்கிறதே என்று தோன்றும். அப்படி இல்லை. நெல்வயலில் ஒரு வயல் நிறைந்தால் வரப்பு வழியாக அடுத்த வயலுக்குத் தண்ணீர் இறங்கும், ஒரு வாய்க்கால் அடைத்தாலும் பக்கத்து வயல் கொஞ்சம் காப்பாற்றும். குடலின் ரத்த ஓட்டம் அந்த மாதிரி, பெருங்குடலின் ஓரமாகவே ஒரு தமனி நீளமாக ஓடி எல்லாக் கிளைகளையும் சேர்த்துக் கட்டியிருக்கும். கிட்னி மஞ்சள் காடு மாதிரி. பாத்திக்கு ஒரு மடை, அந்த மடையை அடைத்தால் அந்தப் பாத்தி காயும், பக்கத்துப் பாத்தியில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் இங்கே வராது. கிட்னித் தமனியின் ஒவ்வொரு கிளையும் தன் பங்குச் சதைக்கு மட்டும்தான். இரண்டாவது தமனியைக் கவனிக்காமல் வெட்டிவிட்டால் கிட்னியில் அந்தத் துண்டு செத்துப்போகும். கீழ்நுனிக்குப் போகிற தமனி என்றால் இன்னும் ஜாக்கிரதை, ஏனென்றால் சிறுநீர்க்குழாயின் மேல்பகுதிக்கு ரத்தம் பெரும்பாலும் அந்தப் பக்கமிருந்துதான் போகிறது. மாற்றுக் கிட்னியில் அது போனால் குழாய் அழுகிச் சிறுநீர் கசியும்.

ஆத்தாவின் படத்தில் இடது கிட்னிக்கு இரண்டு தமனி, வலதுக்கு ஒன்று. அப்படியானால் வலதை எடுக்க வேண்டியதுதானே என்று மருமகன் கேட்டார், நியாயமான கேள்வி. ஆனால் இடது கிட்னியின் சிரை நீளம். வயிற்றின் பெரிய சிரையான கீழ்ப்பெருஞ்சிரை முதுகெலும்பின் வலது பக்கமாக ஓடுவதால் வலது கிட்னிக்கு அது பக்கம், சிரை குட்டை. இடது கிட்னியின் சிரை பெருந்தமனியைக் கடந்து வர வேண்டும், நீளமாக இருக்கும். நீளம் இருந்தால் இன்னொரு உடம்பில் வைத்துத் தைப்பது எளிது. அதனால்தான் மற்றதெல்லாம் சமமாக இருந்தால் இடதைத்தான் விரும்புவார்கள், இரண்டு தமனி இருந்தாலும்கூட. எடுத்த கிட்னியை ஐஸ் தட்டில் வைத்து, இரண்டு தமனியின் வாயையும் கால்சட்டையின் இரண்டு கால் இடுப்பில் சேர்கிற மாதிரி ஒன்றாகத் தைத்துவிட்டு, பிறகு ஒரே வாயாக மகனின் தமனியில் இணைப்பார்கள். இரண்டு இருப்பது முன்னாலேயே தெரிந்தால் இது ஒரு கூடுதல் தையல் வேலை. தெரியாமல் உள்ளே போய்ப் பார்த்தால் ரத்தப்போக்கு, நேர விரயம், சில சமயம் கிட்னியின் ஒரு துண்டே நஷ்டம். ஸ்கேனின் பயன் அதுதான்.

கல்லீரல் விஷயம் இன்னும் விரிவானது. கல்லீரலுக்கு இரண்டு வழியில் ரத்தம் வரும், குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக முக்கால் பங்கு, தமனி வழியாகக் கால் பங்கு. அந்தக் கால் பங்கை நம்பித்தான் பித்தக்குழாய்கள் உயிர்வாழ்கின்றன. வலது கல்லீரல் தமனி, சீலியாக் தண்டிலிருந்து வராமல் மேல் குடல் தமனியிலிருந்து கிளம்பி வருவது அடிக்கடி பார்ப்பது, நூறில் பத்துப் பதினோரு பேருக்கு இருக்கும். அப்படி வரும்போது அது கணையத்தின் தலைக்குப் பின்னால் ஏறிவந்து, போர்ட்டல் சிரைக்கு வலப்புறமாகப் போகும். கணையத் தலையில் கட்டி என்று விப்பிள் அறுவை செய்யும்போது கை வைக்கிற இடமே அதுதான். அங்கே ஒரு தமனி வராது என்று நினைத்து வெட்டினால் வலது கல்லீரலுக்கும் பித்தக்குழாய்த் தையலுக்கும் ரத்தம் நின்றுபோகும். இடது கல்லீரல் தமனி, இரைப்பையின் இடது தமனியிலிருந்து கிளம்புவதும் ஏறக்குறைய அதே அளவுக்கு உண்டு. இரைப்பைப் புற்றுக்கு அறுவை செய்யும்போது அந்த இரைப்பைத் தமனியை அடியோடு கட்டுவார்கள். கட்டுவதற்கு முன்னால், அதிலிருந்து கல்லீரலுக்குக் கிளை போகிறதா என்று தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே ரிப்போர்ட்டில் வருகிற இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன், டாக்டரிடம் கேட்பதற்கு உதவும். ‘அக்சசரி’ என்றால் வழக்கமான தமனியும் இருக்கிறது, கூட இன்னொன்றும் இருக்கிறது. ‘ரீப்ளேஸ்டு’ என்றால் வழக்கமான தமனி இல்லவே இல்லை, வேறிடத்திலிருந்து வருகிற இது ஒன்றுதான் அந்தப் பகுதிக்கு எல்லாம். அறுவை செய்பவருக்கு இரண்டாவது வார்த்தையைக் கண்டதும் கவனம் இன்னும் கூடும்.

பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி செய்கிறவர்களுக்கும் இதில் ஒரு கண்ணி உண்டு. வலது கல்லீரல் தமனி சிலருக்குக் கம்பளிப்பூச்சி நகர்கிற மாதிரி மேலே வளைந்து பித்தப்பையின் கழுத்தை உரசிக்கொண்டு போகும். பித்தப்பைக்குப் போகிற சின்னத் தமனி என்று அதை நினைத்து கிளிப் போட்டுவிடக் கூடாது. ஆனால் இதற்காகப் பித்தப்பை அறுவைக்குப் போகிற எல்லாருக்கும் சிடி ஆஞ்சியோகிராம் தேவை இல்லை, யாரும் கேட்டு வற்புறுத்த வேண்டாம். அறுவையின்போது பித்தப்பையின் கழுத்தை ஒட்டிய முக்கோணப் பகுதியைச் சுத்தமாகப் பிரித்துப் பார்த்து, பித்தப்பைக்குள் போகிற இரண்டே குழாய்தான் என்று உறுதியான பிறகுதான் கிளிப் போட வேண்டும் என்பது அவர்களுடைய பாடம்.

சிரைகளுக்கு வருவோம். வயிற்றின் பெரிய சிரை, கருவில் மூன்று ஜோடிச் சிரைகள் தோன்றி, சில மறைந்து, சில ஒட்டிக்கொண்டு, கடைசியில் வலது பக்கம் ஒன்றாக மிஞ்சுவது. அவ்வளவு சிக்கலான வேலையில் ஒரு துண்டு மறையாமல் நின்றுவிடுவது அதிசயமில்லை. இடது பக்கச் சிரையும் மறையாமல் இருந்தால் இரட்டைப் பெருஞ்சிரை. நூறில் ஒருவர் இருவருக்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். இடது சிரை பொதுவாக மேலே ஏறி இடது கிட்னிச் சிரையில் சேர்ந்து, அதன் வழியாக வலப்பக்கம் கடந்துவிடும். இதில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் மருந்து ஏற்றாமல் எடுத்த படத்தில் ஒரே ஒரு வெட்டை மட்டும் பார்த்தால், பெருந்தமனிக்கு இடது பக்கம் உருண்டையாக ஒன்று நிற்கும், அச்சு அசலாக வீங்கிய நெறிகட்டி மாதிரி. ஏற்கெனவே புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் என்றால் நோய் பரவிவிட்டது என்று நினைக்க வைத்துவிடும். அடுத்தடுத்த வெட்டுகளை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தால் அந்த உருண்டை நீண்டு குழாயாகிவிடும், நெறிகட்டி அப்படி நீளாது. காலில் ரத்தக்கட்டி உள்ளவருக்கு அது நுரையீரலுக்குப் போகாமல் தடுக்கப் பெருஞ்சிரையில் சல்லடை வைப்பார்கள். சிரை இரண்டு இருப்பது தெரியாமல் ஒன்றில் மட்டும் வைத்தால் கட்டி மற்றதன் வழியாக ஏறிவிடும்.

இடது கிட்னியின் சிரை வழக்கமாகப் பெருந்தமனிக்கு முன்னால் கடக்கும். நூறில் இரண்டு மூன்று பேருக்குப் பின்னால் கடக்கும். வேறு சிலருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாலை போட்ட மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். முன்னால் இருக்கிற ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைத்தால் பின்னால் இருப்பது மாட்டிக்கொள்ளும். முதுகெலும்பின் முன்பக்கம், பெருந்தமனி, கிட்னி, இவற்றில் எதற்கு அறுவை செய்தாலும் அறுவை செய்பவர் இதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் கத்தி படும் வரைக்கும் சும்மா இருப்பவை. நோய்க்கும் வேறுபாட்டுக்கும் எல்லை மங்கலாக இருக்கிற சில இடங்களும் உண்டு. அங்கே படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

சீலியாக் தண்டுக்கு மேலே உதரவிதானத்தின் ஒரு நார்ப்பட்டை வளைவாகப் போகும். அது கொஞ்சம் தாழ்ந்திருந்தால் தண்டை அழுத்தி, பக்கவாட்டுப் படத்தில் கொக்கி மாதிரி தெரியும். நூறில் பத்திலிருந்து இருபத்து நான்கு பேர் வரைக்கும் இந்த அழுத்தம் ஓரளவு இருக்கிறது, பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் செய்யாது. மூச்சை வெளியே விட்டால் அழுத்தம் கூடும், உள்ளே இழுத்தால் தளரும். நாங்கள் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லும்போது ஒருவர் குழப்பத்தில் விட்டுவிட்டால், இல்லாத நெருக்கடி படத்தில் பெரிதாக வந்துவிடும். அதனால்தான் மூச்சு விஷயத்தில் இரண்டு தடவை பழக்கிவிட்டு மெஷினை ஓட்டுகிறோம், சலித்துக்கொள்ளாதீர்கள். சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு தடவையும் மேல்வயிற்று வலி, அதற்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்து எடை இறங்குவது, வேறு காரணம் எதுவும் அகப்படவில்லை என்று எல்லாம் சேர்ந்து வந்தால் மட்டும்தான் அந்தப் பட்டையைக் குற்றம் சொல்வார்கள்.

மேல் குடல் தமனி பெருந்தமனியிலிருந்து சாய்ந்து இறங்குகிற கோணத்துக்குள் இரண்டு பொருள் இருக்கின்றன, ஒன்று முன்சிறுகுடல், இன்னொன்று இடது கிட்னியின் சிரை. கோணம் வழக்கமாக 38 முதல் 65 டிகிரி. நடுவில் இருக்கிற கொழுப்பு மெத்தை மாதிரி இரண்டையும் விலக்கி வைத்திருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த ஒரு பெண், டைபாய்டு வந்து சரியாகச் சாப்பிடாமல் இரண்டு மாதத்தில் பன்னிரண்டு கிலோ இறங்கியிருந்தார். சாப்பிட்டால் பச்சையாக வாந்தி. படத்தில் கோணம் பென்சில் முனை மாதிரி குறுகி, முன்சிறுகுடல் அதற்குள் நசுங்கி, இரைப்பை பானை மாதிரி ஊதியிருந்தது. அவருக்கு அறுவை தேவைப்படவில்லை, மூக்கு வழியாகக் குழாயை அந்த இடுக்குக்குக் கீழே இறக்கி உணவு கொடுத்து எடை ஏற்றினார்கள். மெத்தை திரும்பி வந்தது, கோணம் விரிந்தது. அதே இடுக்கில் கிட்னிச் சிரை நசுங்கினால் சிறுநீரில் ரத்தம் வரலாம், ஆண்களுக்கு இடது விதைப்பையில் சிரை புடைக்கலாம். ஒல்லியான பலருக்கு அறிகுறி எதுவும் இல்லாமலேயே சிரை கொஞ்சம் தட்டையாகத் தெரியும், அதை நோய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கொஞ்சம் கீழே இன்னொரு நெருக்கடி. காலுக்குப் போகிற வலது தமனி, இடது காலிலிருந்து வருகிற சிரையின் மேல் குறுக்காகப் போகும். மே, தர்னர் என்ற இருவர் 1957இல் 430 உடல்களைப் பார்த்து, 22 சதவீதத்தில் அந்த இடத்தில் சிரைக்குள் தழும்பு மாதிரி தடித்திருந்ததை எழுதினார்கள். ரத்தக்கட்டி இடது காலில் அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம். கிட்னியின் கீழ்நுனிக்குப் போகிற தமனி, சிறுநீர்க்குழாய் தொடங்குகிற இடத்தின் மேல் குறுக்கே போய் அதை மடக்கிவிடுவதும் உண்டு. தண்ணீரோ இளநீரோ நிறையக் குடித்த நாளில் விலாப்பக்கம் வலி பிடுங்கும், அப்புறம் தானாகவே விட்டுவிடும். அப்படிப்பட்ட வலி இருக்கிறவர்கள் டாக்டரிடம் அந்த ‘தண்ணி குடிச்சா’ என்கிற விவரத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பாதி நோயைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அந்த வார்த்தைதான்.

சிலர் ரிப்போர்ட்டை வாங்கியதும் பிள்ளைகளுக்கும் எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். சும்மா இருக்கிற பிள்ளைக்கு இதற்காகக் கதிர்வீச்சும் கான்ட்ராஸ்ட் மருந்தும் கொடுப்பது தேவையே இல்லை. பெருஞ்சிரை பாதியில் அறுந்து வேறு வழியாகப் போகிற அபூர்வமான அமைப்பு மாதிரி சிலவற்றில் மட்டும், மண்ணீரலோ இதயமோ வேறு மாதிரி அமைந்திருக்கிறதா என்று டாக்டரே பார்க்கச் சொல்வார்.

செய்ய வேண்டியது ஒன்றுதான், ரிப்போர்ட்டையும், படங்களைப் பதிந்து கொடுக்கிற சிடி டிஸ்க்கையும் பத்திரமாக வைத்திருப்பது. ஃபிலிமில் தேர்ந்தெடுத்த இருபது முப்பது படம்தான் இருக்கும். சிடியில் ஆயிரக்கணக்கான வெட்டுகள் இருக்கும், அறுவை செய்பவர் உருட்டிப் பார்க்க வேண்டியது அதைத்தான். என் சொந்தப் பெரியப்பாவுக்கு ஒரு சென்டரில் ஃபிலிம் மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது சர்வரில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கிட்னியின் வேலையைக் காட்டுகிற கிரியாட்டினின் அளவு ஏற்கெனவே 1.6 என்று கூடியிருந்த மனுஷருக்கு மறுபடி மருந்து ஏற்றி எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்றிலிருந்து எங்கள் கவுன்டரில் சிடியைக் கையில் கொடுக்காமல் யாரையும் அனுப்புவதில்லை. வயிற்றில் எந்த அறுவை என்றாலும், பத்து வருடம் கழித்து என்றாலும், “எனக்கு ரத்தக்குழாய் வேற மாதிரின்னு முன்னால ஸ்கேன்ல போட்டிருந்தாங்க” என்று அந்தப் பேப்பரை எடுத்து வையுங்கள்.

ஆத்தாவின் மருமகன் அன்றைக்கு ரிப்போர்ட் கவரின் மேலேயே பேனாவால் பெரிதாக எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன்: இடது கிட்னிக்கு 2 தமனி. சித்திரையில் அறுவை நடந்தது, இடது கிட்னியைத்தான் எடுத்தார்கள். ஆடியில் மகனுக்கு டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) பார்க்க எங்களிடமே வந்தார்கள். மாற்றுக் கிட்னி வலது அடிவயிற்றில் தோலுக்குக் கீழேயே இருக்கும், டாப்ளரில் நன்றாகத் தெரியும். டாக்டர் புரோபை வைத்ததும் ஒரு சிவப்புக் கோடு வந்தது, கொஞ்சம் சாய்த்ததும் அது கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து கிட்னிக்குள் இறங்கியது. கதவோரம் நின்றிருந்த ஆத்தா, வயிற்றுத் தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஸ்கிரீனை எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“ரெண்டுலயும் பாயுதா கண்ணு?”

பாய்ந்துகொண்டிருந்தது.